ஈரச் சுவரும் கரும்பூஞ்சணமும்

கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே பயணஞ் செய்வோர் இந்நிலத்தின் அழகைக் கண்டு வியப்பதுண்டு. களுவாஞ்சிக்குடியிலே குடியிருப்போருக்கோ இதன் மற்றொரு குணமும் தெரியும். இங்கே கிணறு தோண்டுவோர் அதிகம் களைப்பதில்லை. சில அடி ஆழத்திலேயே நீர் கண்டுவிடும். ஐப்பசியிலே தொடங்கும் மாரி தை வரையிலும் நீடித்து, ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பங்கை அந்த நான்கு மாதங்களுக்குள்ளேயே கொட்டிவிடுகிறது. படுவான்கரைக் குளங்கள் நிரம்பி வழிய, வாவி பெருக, முகத்துவாரம் வெட்டப்பட்டு நீர் கடலிற் பாயும் வரையில், தாழ்ந்த வளவுகளிலெல்லாம் வெள்ளம் நிற்கும்.

1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைப் பற்றி முதியோர் இன்றும் பேசுவர். 1978 நவம்பர் 23ஆம் தேதிச் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியெறிந்து, மழையை நேரே வீட்டுக்குள் இறக்கியது. 2004 டிசெம்பர் 26இல் கடலே உப்பு நீரோடு உள்ளே வந்தது. 2011 சனவரி வெள்ளத்தினால் இலங்கையிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; அவர்களுள் மட்டக்களப்பு மாவட்டத்தார் பெருந்தொகையினர். 2024 நவம்பர் வெள்ளமும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டையே உலுக்கிய டித்வாப் புயலும் நேற்று நடந்தவை போல நினைவில் நிற்கின்றன.

இவற்றைப் பற்றி எழுதினோர் பலர். நாம் இன்று எழுத முற்படுவது வெள்ளத்தைப் பற்றியன்று. வெள்ளம் வடிந்து, நிவாரணப் பொதிகள் வருவது நின்று, பத்திரிகைகளும் வேறு செய்திகளுக்குத் திரும்பியபின், வீட்டுச் சுவரிலே ஓசையின்றி எழுந்துவரும் ஒரு சிற்றுயிரைப் பற்றியே எழுதுகிறோம். பேச்சு வழக்கில் அதனைப் பூஞ்சணம் என்போம். நம் மாணவர்களின் விஞ்ஞானப் பாடநூல் பங்கசு என்று கூறும். அலுமாரிக்குப் பின்புறத்திலே கரும்பொட்டுகளாகவும், கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலே பச்சைப் படையாகவும், மேற்கூரைப் பலகையிலே மை கொட்டிய வட்டங்களாகவும் அதனை நாம் காண்கிறோம். கண்டும், ஏதோ அழுக்கு என்று எண்ணி அப்பாற் போகிறோம்.

வெள்ளம் வடிந்ததும் சேதக் கணக்கு எடுக்கப்படுகிறது. முற்றாகச் சேதமடைந்த வீடு, பகுதியாகச் சேதமடைந்த வீடு என்று அக்கணக்கிலே இரு நிரல்கள் உண்டு. சுவர் விழுந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியும். சுவர் விழாமல் நின்று, இடுப்பளவு உயரத்துக்கு ஈரத்தைக் குடித்திருந்தால், அதனைச் சேதம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கே மனம் வருவதில்லை. "தெய்வாதீனமாக வீடு தப்பிவிட்டது" என்றுதான் சொல்வார். அந்தத் தப்பிய வீட்டுக்குள்ளேதான் அடுத்த மூன்று மாதங்களும் குழந்தைகள் உறங்கவேண்டும்.

போதாக்குறைக்கு நாட்காட்டியும் நமக்கு எதிராக நிற்கிறது. வெள்ளம் பெரும்பாலும் கார்த்திகை மார்கழியில் வரும். தைப்பொங்கலோ தை முதலாம் நாள். இடையில் உள்ள சில கிழமைகளுக்குள்ளே வீட்டைப் புதுக்கிவிடவேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் எழும். கறைபடிந்த சுவரைக் கண்டதும் வர்ணப் பேணி வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். சுவர் உள்ளே ஊறியிருக்க, வெளியே பளபளக்கும் வர்ணத்தைப் பூசிவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் அந்தப் பூச்சின் கீழேயே தங்கிவிடும். மாசி பிறப்பதற்குள் வர்ணம் கொப்புளங்கொள்ளும். அதன் மேலே மறுபடியும் கரும்பொட்டு அரும்பும். செலவழித்த பணம் பூஞ்சணத்துக்குப் போர்வை வாங்கிக் கொடுத்ததாகவே முடியும். இவ்வாண்டு பழைய சுவரோடு பொங்கினால் தைமகள் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்பது நம் எண்ணம்.

பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது? உண்மையில் அது வருவதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. அதன் வித்திகள் கண்ணுக்குப் புலப்படாத நுண்டூசாகக் காற்றெங்கும் மிதக்கின்றன. நாம் மூச்சுவிடும்போதெல்லாம் சில உள்ளே போய் வருகின்றன. உலர்ந்த இடத்தில் வீழ்ந்த வித்து உறங்கும். ஈரமான இடத்தில் வீழ்ந்ததோ இரண்டொரு நாளில் முளைவிட்டு, நூலினும் மெல்லிய இழைகளைப் பரப்பித் தன் உணவைத் தேடும். தாள், அட்டை, ஒட்டுப்பலகை, வைக்கோல், பருத்தித் துணி, வர்ணத்திலுள்ள பசை, சுவரிற் படிந்த சமையற்புகையின் எண்ணெய் யாவும் அதற்கு விருந்தாகும். வெயில் வேண்டாம், மண் வேண்டாம். ஈரம் ஒன்றே போதும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டாற் பூஞ்சணம் பெரும்பாலும் தலைகாட்டாது என்று வல்லுநர் கூறுவதன் காரணம் இதுவே. அந்த இரண்டு நாட்களும் நம்மூரிலே நாம் இடைத்தங்கல் முகாமில் இருக்கும் நாட்களாக அமைந்துவிடுவதுதான் பரிதாபம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். கடலோர வீடுகளின் சுவரடியிலே வெள்ளை மாப்போல ஒன்று பூத்திருப்பதைப் பலரும் பூஞ்சணம் என்று மயங்குவர். அது உப்பு. நிலத்தடி நீர் செங்கல்லின் நுண்டுளைகள் வழியே மேலேறிக் காற்றில் உலரும்போது, தன்னோடு கொணர்ந்த உப்பைச் சுவரில் விட்டுச் செல்கிறது. கடல்மணலைக் கழுவாது சாந்து குழைத்த வீடுகளிலும், சுனாமி நீர் புகுந்த வீடுகளிலும் இதனை மிகுதியாகக் காணலாம். விரலில் எடுத்து ஒரு துளி நீரிலிட்டாற் கரைந்துபோகும், பூஞ்சணமாயின் கரையாது. உப்பு மூச்சுக்குத் தீங்கு செய்வதன்று. எனினும் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், உப்புப் பூத்த சுவரிலே பூஞ்சணமும் பின்தொடர்வதுண்டு.

சுவரிலே கருநிறப் படை கண்டால் "இது நஞ்சுப் பூஞ்சணம், உயிரையே பறிக்கும்" என்று அஞ்சுவோரும் இப்போது உளர். வெளிநாட்டிலுள்ள உறவினர் தொலைபேசியில் ஊட்டும் அச்சம் இது. இதிலே எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று பார்ப்பது நன்று.

கரும்பூஞ்சணங்களுள்ளே மிகப் பெயர்பெற்றது ஸ்டாக்கிபொட்ரிஸ் என்பது. 1837ஆம் ஆண்டு பிராக் நகரத்து வீடொன்றின் சுவர்த்தாளிலிருந்து அதனை எடுத்து முதன்முதலில் விவரித்தவர் கோர்டா என்ற அறிஞர். மற்றப் பூஞ்சணங்களைக் காட்டிலும் இதற்கு ஈரம் மிகுதியாக வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்து பல நாள் உலராத தாளும் அட்டையும் இதற்கு உகந்தவை. நூறாண்டுகளுக்குப் பின்னர், 1930களில், சோவியத் நாட்டின் உக்ரேன் பகுதியிலே குதிரைகள் ஆயிரக்கணக்கில் நோயுற்று மடிந்தன. வாய் புண்ணாகி, குருதி கெட்டு அவை இறந்ததன் காரணத்தைத் தேடியவர்கள், அவை தின்ற வைக்கோலிலே இந்தக் கரும்பூஞ்சணத்தைக் கண்டனர். அவ்வைக்கோலைக் கையாண்ட மனிதருக்கும் தோலிற் புண்ணும் மூக்கிற் குருதியும் தோன்றின. உடலணுக்கள் புரதம் ஆக்கும் வேலையைத் தடுத்து நிறுத்தும் நஞ்சுகளை இப்பூஞ்சணம் சுரக்கிறது என்பது பிற்கால ஆய்வுகளால் உறுதியாயிற்று.

ஆகவே நஞ்சு இருப்பது மெய். ஆனால் குதிரை அதனைத் தின்றது. நாம் சுவரைத் தின்பதில்லை. இந்நஞ்சுகள் ஆவியாகிப் பரவுபவையல்ல. வித்திகளிலும் உடைந்த இழைத்துகள்களிலும் ஒட்டிக்கொண்டே காற்றிற் கலக்கவேண்டும். அவ்வாறு மூச்சு வழியாகச் செல்லும் சிறிதளவு என்ன செய்யும் என்பதிலேதான் அறிஞரிடையே வழக்கு. 1993, 1994ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே பத்துக் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலிற் குருதி கசிந்தது. அவர்களின் வீடுகள் நீரால் நனைந்திருந்ததையும் அங்கே ஸ்டாக்கிபொட்ரிஸ் இருந்ததையும் ஆய்வாளர் சுட்டினர். உலகெங்கும் அச்சம் பரவியது. பின்னர் 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அந்த ஆய்வை மீண்டும் நுணுகி நோக்கி, இரண்டுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. அச்சம் பரவிய அளவுக்கு இந்த மறுப்புப் பரவவில்லை; செய்திகளின் இயல்பு அது.

நிறத்தைக் கொண்டு நஞ்சை அறியவும் இயலாது. கறுப்பாயுள்ளவை யாவும் ஸ்டாக்கிபொட்ரிஸ் அல்ல. நம் குளியலறைக் கரும்பொட்டுகளிற் பல வேறினத்தவை. பச்சையாகவும் மஞ்சளாகவும் உள்ள சிலவும் நஞ்சு சுரப்பவை. ஆதலின் எந்த நிறம், எந்த இனம் என்று ஆராய்ந்து காலங்கழிப்பதைவிட, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே பயனுள்ளது.

நிறுவப்பட்ட தீமை எது? அது மூச்சைப் பற்றியது. 2004இல் அமெரிக்க மருத்துவ நிறுவனமும், 2009இல் உலக சுகாதார நிறுவனமும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி நோக்கின. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்வோரிடையே இருமல், மூச்சிரைப்பு, மூக்கு தொண்டை அழற்சி, ஆஸ்துமா ஆகியவை மிகுதி என்பதிலே இரு நிறுவனங்களும் ஒத்த முடிவுக்கு வந்தன. அவ்வீடுகளிலே இத்தகைய மூச்சு நோய்கள் 30 முதல் 50 வீதம் வரை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று 2007இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. இவ்வளவுக்கு மேல் பூஞ்சணம் இருந்தாற் கெடுதி, இதற்குக் கீழிருந்தால் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் அளவுகோல் எதனையும் வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதும் பூஞ்சணத்தை அகற்றுவதுமே வழி என்று கூறி அமைந்தது. ஞாபகக் குறைவு, நாட்பட்ட சோர்வு முதலியவற்றையும் பூஞ்சணத்தின் தலையிற் சுமத்துவோர் உண்டு. அவற்றுக்குப் போதிய சான்று காணப்படவில்லை.

தை மாசி மாதங்களில் வகுப்பறையிலே நின்று பாடஞ் சொல்லும் எம்மைப் போன்றோருக்கு இருமல் ஒலி புதிதன்று. தடிமன், மழைக் குளிர் என்று நாம் அதனை விட்டுவிடுகிறோம். அவற்றுட் பல உண்மையிலே தடிமன்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு இரவிலே இருமல் மிகுந்து, வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கிய நாட்களிலே அது தணிந்து, வீடு திரும்பியதும் மறுபடி முட்டுத் தொடங்குமாயின், பெற்றோர் பிள்ளையின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கையறைச் சுவரையும் ஒருமுறை பார்க்கவேண்டும். வைத்தியரிடம் செல்லும்போது "வீட்டுச் சுவர் ஈரமாக இருக்கிறது" என்பதையும் சொல்லவேண்டும். கேட்டால் ஒழிய நாம் சொல்வதில்லை. நெரிசலில் நிற்கும் வைத்தியருக்குக் கேட்க நேரமும் இருப்பதில்லை.

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலே நடந்ததை இங்கே குறிப்பிடலாம். 2020 டிசெம்பரில் அங்கே அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை மூச்சு நோயால் இறந்தது. அது பிறந்து வளர்ந்த வாடகை வீட்டின் சுவர்களிலே நெடுங்காலம் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தந்தை பல முறை முறையிட்டும் பயன் விளையவில்லை. பூஞ்சணத்தின் மேல் வர்ணம் பூசிக்கொள்ளுமாறே அவருக்குச் சொல்லப்பட்டது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டிலிருந்த பூஞ்சணமே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். அதன் விளைவாக 2023இல் இயற்றப்பட்ட சட்டப்பகுதி அக்குழந்தையின் பெயரால் வழங்குகிறது. 2025 அக்டோபர் முதல், சமூக வீடமைப்பு வீடுகளில் உயிருக்கு ஆபத்தான குறைபாடுகளை 24 மணி நேரத்துக்குள்ளும், கடுமையான ஈரம் பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டைப் பத்து வேலை நாட்களுக்குள்ளும் கவனித்தாகவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. இலண்டனிலும் பிற நகரங்களிலும் வாடகை வீடுகளில் வாழும் நம்மவர்கள் இச்சட்டத்தை அறிந்திருத்தல் நன்று. குளிருக்கு அஞ்சி யன்னல்களை அடைத்து, உள்ளேயே உடுப்பு உலர்த்தும் வீடுகளில் இத்தொல்லை நம்மூரைவிடக் கூடுதல்.

பூஞ்சணம் சுகதேகிக்குத் தொல்லை மட்டுமே. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கோ அது நேரடியான நோய்க்கிருமியாகிவிடும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்போர், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர், நாட்பட்ட நுரையீரல் நோயாளர் ஆகியோரின் நெஞ்சிலே அஸ்பெர்ஜில்லஸ் என்ற இனம் வேரூன்றுவதுண்டு. இத்தகையோர் பூஞ்சணம் துப்புரவு செய்யும் இடத்துக்கு வரவே கூடாது. நம் நாட்டிலேயே, 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பிலே முதுகுத்தண்டில் விறைப்பு ஊசி ஏற்றப்பெற்ற ஐந்து தாய்மார் மூளையுறை அழற்சிக்கு ஆளாகி, மூவர் இறந்தனர். காரணம் அஸ்பெர்ஜில்லஸ். சுனாமிக்குப் பின் மருத்துவப் பொருள்கள் மலையாகக் குவிந்து, வெப்பமும் ஈரமும் மிகுந்த களஞ்சியத்திலே வைக்கப்பட்டிருந்த ஊசிக்குழாய்களையே விசாரணை சுட்டியது. ஈரக் களஞ்சியம் ஒன்றின் விளைவு, கடல் எட்டியும் பாராத தாய்மாரின் உயிரைக் கொண்டு சென்றதை எண்ணும்போது மனம் நடுங்குகிறது.

இனி, பூஞ்சணத்தின் நஞ்சு ஐயத்துக்கிடமின்றி உடலைச் சேரும் வழி ஒன்று உண்டு. அது சுவர் வழியன்று, சட்டி வழி. 1960இல் இங்கிலாந்திலே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீனியிற் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கிலே அஸ்பெர்ஜில்லஸ் இனம் ஒன்று சுரந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அஃபிளாடொக்சின் என்று பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும் நஞ்சு இது. ஈரற் புற்றுநோய்க்குக் காரணம் என்பதும் நிறுவப்பட்டுள்ளது. 1974இல் இந்தியாவின் இராசத்தான், குசராத்து எல்லைக் கிராமங்களிலே, பருவந் தவறிய மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட மக்களிடையே மஞ்சட்காமாலை பரவி, நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தனர். வறுமையால் வேறு உணவின்றி அதனையே பல நாள் உண்டவர்கள் அவர்கள். சமைப்பதாலோ வறுப்பதாலோ இந்நஞ்சு முற்றாக நீங்குவதில்லை.

வெள்ளத்தில் நனைந்த நெல்மூட்டையையும், முளைநாற்றம் வீசும் கச்சானையும், உட்புறம் பச்சை படர்ந்த கொப்பராவையும், கறுத்த செத்தல் மிளகாயையும் "கழுவிக் காயவைத்தாற் சரி" என்று எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பாடுபட்டு விளைவித்ததை வீசியெறிய எந்த உழவனுக்கும் மனம் வராது என்பதை நாம் அறிவோம். என்றாலும், சுவரிலுள்ள கரும்பொட்டைக் கண்டு நஞ்சு என்று அலறும் நாம், சட்டியில் விழும் பூஞ்சணத்தைக் கண்டு அஞ்சாதிருப்பது விந்தையே. நனைந்தும் இன்னும் பூஞ்சணம் பிடியாத நெல்லை உடனே பரப்பி, ஈரப்பதம் 14 வீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்துச் சேமிக்கலாம். பூஞ்சணம் பிடித்துவிட்டதை மனிதருக்கும் கொடுக்கலாகாது, மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கலாகாது. மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி அதன் பாலிலும் வரும்.

நம் முன்னோரின் மண்சுவர், கிடுகுக் கூரை வீடுகள் இத்தொல்லையை எவ்வாறு சமாளித்தன என்று கேட்கலாம். அவை பூஞ்சணமே அறியாத வீடுகள் என்று புகழ நாம் முன்வரவில்லை. நனைந்த கிடுகிலும் வைக்கோலிலும் பூஞ்சணம் தாராளமாக வளர்ந்தது. ஆயினும் அவ்வீடுகளுக்குள்ளே காற்று ஓடியது. சுவர் குடித்த ஈரத்தை இரு புறமும் விட்டது. பன்பாயைச் சுருட்டி வெயிலில் போட ஒரு நிமிடமே ஆயிற்று. ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது. அன்றியும் அதன் காரத்தன்மை புதிதாயிருக்கும் வரையிற் பூஞ்சணத்தை வளரவிடாது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்திலே அழகோடு சுகாதாரமும் இருந்தது எனலாம். இன்றைய வீட்டிலோ சீமெந்துப் பூச்சு, அதன்மேற் பிசின் வர்ணம், ஒட்டுப்பலகை அலுமாரி, அட்டை போர்த்திய மேற்கூரைப் பலகை, தடித்த பஞ்சுமெத்தை, கொசுவுக்கும் கள்வருக்கும் அஞ்சி அடைத்த யன்னல். வெள்ளம் ஒருமுறை புகுந்தால், உள்ளே சென்ற நீர் வெளியேற வழி தேடித் தவிக்கிறது. வீட்டை இடித்து மண்சுவர் கட்டச் சொல்லவில்லை. வெள்ளம் ஏறும் வளவிலே அத்திவாரத்தை உயர்த்துவதும், அதன்மேல் ஈரந்தடுக்கும் படை வைப்பதும், கீழ்ச்சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் கூடாதவையல்லவே.

வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலை சேற்றை அள்ளிக் கதவு யன்னல்களைத் திறப்பது. அலுமாரி, கட்டில் யாவற்றையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கவேண்டும். மழை விட்ட நேரமெல்லாம் பாயும் தலையணையும் வெளியே வரவேண்டும். மின்னிணைப்புப் பாதுகாப்பானது என்று உறுதியான பின் மின்விசிறியைச் சுழலவிடலாம். ஆனால் பூஞ்சணம் படர்ந்துவிட்ட அறையிலே விசிறியைப் போட்டால் அது வித்திகளை வீடெங்கும் தூவிவிடும். நனைந்து ஊறிய பஞ்சுமெத்தை, அட்டைப் பலகை, உப்பிப்போன ஒட்டுப்பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். அவற்றின் உள்ளே புகுந்த இழைகளை எந்தச் சவர்க்காரமும் எட்டாது. சீமெந்துச் சுவர், ஓடு, கண்ணாடி, உலோகம் போன்றவற்றைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவித் துடைத்து உலர்த்தலாம். உலர்ந்த தும்புத்தடியாற் சுரண்டுவது கூடாது. முதலில் நனைத்துவிட்டே தேய்க்கவேண்டும். மூக்கையும் வாயையும் நெருங்கி மூடும் என்-95 முகமூடி, கையுறை, கண்ணாடி ஆகியவை வேண்டும். கைக்குட்டை கட்டுவதால் வித்து தடைப்படாது. பிள்ளைகளும் முட்டு நோயாளரும் அந்நேரம் அயல்வீட்டில் இருக்கட்டும்.

வெளிற்றும் திரவத்தைத் தெளித்தால் போதும் என்று பலர் நம்புகின்றனர். அது கறையை வெளுக்கும். பூஞ்சணத்திற் பெரும்பகுதியைக் கொல்லவும் கூடும். ஆனால் செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் அதனைத் தேய்த்து அகற்றியே ஆகவேண்டும். அத்திரவத்தை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடோ கலப்பது பூஞ்சணத்தைவிடப் பெரிய ஆபத்து. அதிலிருந்து எழும் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

சுவர் உலர்ந்துவிட்டதா என்பதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. மாணவர்களே செய்து பார்க்கலாம். ஒரு சதுர அடிப் பொலித்தீன் தாளைச் சுவரோடு பொருத்தி நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் அடைத்துவிட்டு, ஒரு நாள் கழித்துப் பார்க்கவேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தாற் சுவருக்குள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வர்ணப் பேணியைத் திறக்கும் காலம் வரவில்லை. ஊறிய சுவர் முற்றாக உலரப் பல கிழமைகள், சில வேளை மாதங்களும் செல்லும். கச்சான் காற்று வீசும் காலம் வரை பொறுத்திருந்து பூசுவோர் கெட்டிக்காரர்.

புத்தகங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடும். நிழலிலே காற்றோட்டத்தில் நிமிர்த்தி வைத்து, பக்கங்களை விசிறி போல விரித்து, இடையிடையே வெற்றுத் தாள் செருகி, அது நனைய நனைய மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கவனிக்க இயலாவிட்டால், அரியவற்றைப் பையிலிட்டுக் குளிரூட்டிப் பெட்டியின் உறைபனித் தட்டிலே வைத்து, பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். பெரிய நூலகங்களே கையாளும் முறை இது. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, காணி உறுதி ஆகியவற்றை மாரி தொடங்குமுன்னரே நீர் புகாத பையிலிட்டு உயரத்தில் வைத்துவிடுதல் நன்று. ஏற்கெனவே பச்சை படர்ந்துவிட்ட பழைய வினாத்தாட் கட்டுகளும் கொப்பிகளும் பல வீடுகளிலே பிள்ளைகளின் கட்டிலின் கீழேயே கிடக்கின்றன. அவற்றை ஈரத்துணியால் மூடி, பையிலிட்டுக் கட்டி, இந்தக் கிழமையே வெளியேற்றிவிடலாம்.